பழைய காருக்குப் புது இன்ஜினா? முதலில் கியர்பாக்ஸைப் பாருங்கள்

அப்பா ஓட்டிய கொரோல்லா டி.எக்ஸ். இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறது. பாடி நன்றாக இருக்கிறது. இன்ஜின்தான் மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது. "ஹாஃப்-கட் கடையில நல்ல இன்ஜின் வந்திருக்கு, தூக்கிப் போட்டுடலாம்" என்கிறார் நண்பர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அந்த இன்ஜினுக்குப் பின்னால் எந்த கியர்பாக்ஸ்?

பலரும் இன்ஜினை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கியர்பாக்ஸைத் தேடத் தொடங்குகிறார்கள். திட்டம் பாதியில் நிற்பதும், கார் மாதக்கணக்கில் பட்டறையில் தூசி படிந்து கிடப்பதும் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. இன்ஜின் எவ்வளவு சக்தி தரும் என்பதை இன்ஜின் முடிவு செய்கிறது. அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேருமா, எவ்வளவு வெட்ட வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் கியர்பாக்ஸ்தான் முடிவு செய்கிறது.

மலேசியாவில் இளையர்கள் இன்றும் தேடிப் பிடித்து வாங்கும் டொயோட்டா கொரோல்லா கே.இ.70-ஐ, அதாவது நம்ம டி.எக்ஸ்.-ஐ, எடுத்துக்காட்டாக வைத்து விளக்கமாகப் பார்ப்போம்.

ஏன் டி.எக்ஸ்.?

1979-இல் அறிமுகமான இந்தத் தலைமுறை கொரோல்லா பின்சக்கர இழுவை கொண்டது. இன்ஜின் முன்னால் நீளவாக்கில் இருக்கும். அதன் பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு (புரொப்ஷாஃப்ட்), கடைசியில் பின் அச்சில் டிஃபரன்ஷியல்.

அசல் இன்ஜின் 4கே. அதன் கொள்ளளவு 1,290 சிசி, எரிபொருள் கொடுப்பது கார்புரேட்டர். காரின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. அதனால் நடுத்தரமான நவீன இன்ஜின் ஒன்றைப் போட்டாலே கார் ஆளே மாறிவிடும். ஆசை பிறப்பது இதனால்தான். அந்தச் சின்ன இன்ஜினுக்காகச் செய்த கியர்பாக்ஸும் பின் அச்சும் புதுச் சக்தியைத் தாங்குமா என்பதுதான் சிக்கல்.

முதல் கேள்வி: இன்ஜின் எந்தத் திசையில் உட்காரும்?

ஹாஃப்-கட் கடைகளில் குவிந்திருக்கும் ஜப்பானிய இன்ஜின்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவைக் கார்களிலிருந்து வந்தவை. அவற்றில் இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கும். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். அந்த கியர்பாக்ஸை டி.எக்ஸ்.-இல் பயன்படுத்த முடியாது. பின்னால் போகும் தண்டை மாட்ட அதில் இடமே இல்லை.

ஆகவே "இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்த்தே தர்றேன், பாஸ்" என்று கடைக்காரர் சொன்னால், உடனே சந்தோஷப்பட வேண்டாம். அது எந்தக் காரிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.

20 வால்வ் 4ஏ-ஜிஇ இன்ஜின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது ஏ.இ.101, ஏ.இ.111 வகை கொரோல்லா லெவின் போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் வந்தது. அதனுடன் வரும் கியர்பாக்ஸ் நமக்கு உதவாது. ஆனால் அதே இன்ஜின் குடும்பம் 1983-இல் பின்சக்கர இழுவை கொண்ட ஏ.இ.86-இல் அறிமுகமானது. அந்தக் காரின் டி50 கியர்பாக்ஸ் இதற்கும் பொருந்தும். உங்களுக்கு வேண்டியது இரண்டு வெவ்வேறு கார்களின் பாகங்கள். செலவையும் அப்படியே கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது கேள்வி: இன்ஜின் எந்தப் பக்கம் சுற்றுகிறது?

இது பலர் யோசிக்காத விஷயம். பெரும்பாலான கார் இன்ஜின்கள், பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால், கடிகார முள் திசையில் சுற்றும். ஹோண்டாவின் பழைய பி வரிசை இன்ஜின்கள், புகழ்பெற்ற பி16 உட்பட, எதிர்த்திசையில் சுற்றும்.

அதைச் சாதாரண பின்சக்கர இழுவை கியர்பாக்ஸோடு இணைத்தால் என்ன ஆகும்? 5 கியரிலும் கார் பின்னால் போகும். ரிவர்ஸ் போட்டால் முன்னால் போகும்! சிரிப்பாக இருக்கலாம். பணம் கொடுத்தவருக்கு அப்படி இருக்காது.

பின்னர் வந்த ஹோண்டா கே வரிசை (கே20, கே24) வழக்கமான திசையில்தான் சுற்றுகிறது. பழைய பின்சக்கர இழுவைக் கார்களில் அதைப் போடுவது உலகெங்கும் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதுவும் குறுக்குவாட்டு இன்ஜின்தான். வேறு நிறுவனத்தின் கியர்பாக்ஸோடு இணைக்க, அடாப்டர் பிளேட் எனப்படும் இணைப்புத் தகடு தேவைப்படும்.

மூன்றாவது கேள்வி: இரண்டையும் எப்படி இணைப்பது?

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் மணி வடிவிலான ஒரு கூடு இருக்கும். அதுதான் பெல்ஹவுசிங். இன்ஜினின் போல்ட் துளைகளும் அதன் துளைகளும் ஒத்துப்போக வேண்டும். அது மட்டும் போதாது. இவையும் பொருந்த வேண்டும்:

• ஃப்ளைவீல்: ஒரே இன்ஜின் குடும்பத்திலேயே சில கிராங்க்ஷாஃப்டில் 6 போல்ட், சிலவற்றில் 8 போல்ட்.
• கிளட்ச் தட்டு: நடுவில் உள்ள பற்கள் கியர்பாக்ஸ் தண்டின் பற்களோடு பொருந்த வேண்டும். ஆனால் தட்டின் வெளியளவு ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும்.
• பைலட் பேரிங்: கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் சின்ன பேரிங். அளவு மாறினால் தண்டு ஆடும்.
• ஸ்டார்ட்டர் மோட்டார்: பெல்ஹவுசிங் மாறினால் அது உட்காரும் இடமும் மாறலாம்.
• கிளட்ச் இயக்கம்: கேபிளா, ஹைட்ராலிக்கா? மாற்ற வேண்டி வந்தால் மிதிகட்டை வரை வேலை போகும்.

பெயரை மட்டும் நம்பி வாங்கவும் முடியாது. டி50 கியர்பாக்ஸ் டொயோட்டாவின் பழைய டி வரிசை இன்ஜின்களுக்கும் வந்தது, ஏ வரிசை இன்ஜின்களுக்கும் வந்தது. பெயர் ஒன்று, பெல்ஹவுசிங் வேறு.

அடாப்டர் பிளேட் பயன்படுத்தினால் இன்னொரு எச்சரிக்கை. கிராங்க்ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பெல்ஹவுசிங்கைப் பொருத்திவிட்டு டயல் கேஜால் ஒரு முழுச் சுற்று அளக்கும்போது, முள் காட்டும் மொத்த வித்தியாசம் 0.005 அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டருக்குள், இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு தாளின் தடிமனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கண்ணால் பார்த்து "ஓகேலா" என்று சொல்லும் வேலை அல்ல இது. மையம் தவறினால் கிளட்ச் சீக்கிரம் தேயும், பேரிங் கத்தும், கியர் மாற மறுக்கும்.

நான்காவது கேள்வி: கியர்பாக்ஸ் தாங்குமா?

கியர்பாக்ஸை உடைப்பது குதிரைத்திறன் அல்ல, முறுக்குவிசை. டார்க் என்று சொல்கிறோமே, அதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1998-இல் வந்த டொயோட்டா அல்டெஸாவின் 3எஸ்-ஜிஇ பீம்ஸ் இன்ஜின் 1,998 சிசி. ஜப்பானிய மேனுவல் வகையில் 210 குதிரைத்திறனும் 216 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. அதன் 6 கியர் ஜே160 பெட்டியில் முதல் கியர் விகிதம் 3.874. முதல் கியரில் தண்டுக்குப் போகும் டார்க்: 216 × 3.874 = ஏறக்குறைய 837 நியூட்டன் மீட்டர். பழைய 4கே இன்ஜின் கொடுத்தது இதில் பாதிகூட இல்லை.

இன்ஜின் பக்கம் மட்டும் பார்த்துவிட்டுப் பழைய தண்டையும் சின்ன டிஃபரன்ஷியலையும் அப்படியே விட்டால், உடைவது அவைதான். நெடுஞ்சாலையில் தண்டின் முன்பக்கம் கழன்று தரையில் குத்தினால் அது வெறும் ரிப்பேர் செலவு இல்லை, உயிர் போகும் விஷயம். அதனால்தான் தண்டைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் போடச் சொல்கிறார்கள்.

டொயோட்டா பெட்டிகளைத் தோராயமாக இப்படி வரிசைப்படுத்தலாம்:

• டி50: 1.6 லிட்டர் இன்ஜினை மனதில் வைத்துச் செய்தது. எடை குறைவு. டர்போ போடும் ஆசை இருந்தால் வேண்டாம்.
• ஜே160: 2 லிட்டர் பீம்ஸ் இன்ஜினோடு பிறந்தது. அந்த ஜோடியைப் பிரிக்காமல் வைப்பது நல்லது.
• டபிள்யூ58: டர்போ இல்லாத 6 சிலிண்டர் இன்ஜின்களோடு வந்தது.
• ஆர்154: 1ஜேஸெட்-ஜிடிஇ போன்ற டர்போ இன்ஜின்களோடு வந்தது. உறுதியானது, ஆனால் பெரியது, கனமானது.

"எதற்கும் இருக்கட்டும், பெரியதையே போடுவோம்" என்று நினைக்க வேண்டாம். பெட்டி பெரிதானால் காரின் தரை நடுவே உள்ள சுரங்கம் போன்ற பகுதியை (டனல்) அதிகமாக வெட்ட வேண்டும். சின்ன காரின் மூக்கில் எடையும் கூடும்.

ஐந்தாவது கேள்வி: நெடுஞ்சாலையில் இன்ஜின் எவ்வளவு கத்தும்?

பலர் ஏமாறும் இடம் இது. "6 கியர் இருந்தா நெடுஞ்சாலையில அமைதியா போகும்" என்று ஒரு நம்பிக்கை. எண்கள் வேறு கதை சொல்கின்றன.

185/60 ஆர்14 டயர் போட்ட கார் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது, சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 1,010 முறை சுற்றும். அதை டிஃபரன்ஷியல் விகிதத்தாலும் கடைசி கியரின் விகிதத்தாலும் பெருக்கினால் இன்ஜின் சுற்று கிடைக்கும்:

• 4 கியர் பெட்டி (கடைசி கியர் 1.000), டிஃப் 3.9: சுமார் 3,940 சுற்று
• டி50, 5-ஆவது கியர் (0.861), டிஃப் 4.3: சுமார் 3,740
• ஜே160, 6-ஆவது கியர் (0.869), டிஃப் 4.1: சுமார் 3,600
• ஜே160, 6-ஆவது கியர், டிஃப் 3.9: சுமார் 3,420
• டி50, 5-ஆவது கியர், டிஃப் 3.9: சுமார் 3,390

கவனித்தீர்களா? டி50-இன் 5-ஆவது கியரும் ஜே160-இன் 6-ஆவது கியரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நெடுஞ்சாலை அமைதியை இங்கே தீர்மானிப்பது கியர்களின் எண்ணிக்கை இல்லை, டிஃபரன்ஷியல்.

அப்படியென்றால் 6 கியர் எதற்கு? இடைவெளியைக் குறைக்க. டி50-இல் 7,000 சுற்றில் 3-இலிருந்து 4-க்கு மாறினால் இன்ஜின் சுமார் 5,060-க்கு இறங்கும். ஜே160-இல் அதே மாற்றத்தில் சுமார் 5,770-இல் நிற்கும். பீம்ஸ் இன்ஜின் தன் முழுச் சக்தியை 7,600 சுற்றில்தான் தருகிறது. அப்படிப்பட்ட இன்ஜினுக்கு நெருக்கமான கியர்கள் உயிர்நாடி. கீழேயே நல்ல டார்க் தரும் இன்ஜினுக்கு 5 கியர் தாராளம்.

கெந்திங் மலைக்கு வார இறுதியில் ஏறப் போகிறீர்களா, தினமும் வேலைக்கு ஓட்டப் போகிறீர்களா? முதலில் அதை முடிவு செய்யுங்கள். விகிதம் அதற்குப் பிறகு.

ஆட்டோ கியர்பாக்ஸ் போடலாமா?

போடலாம். கிள்ளான் பள்ளத்தாக்கு நெரிசலில் தினமும் ஓட்டுபவருக்கு அது நியாயமான ஆசைதான். ஆனால் நவீன ஆட்டோ பெட்டி தனியாக வேலை செய்யாது. அதன் கணினியும் இன்ஜினின் கணினியும் இடைவிடாமல் பேசிக்கொள்ளும். கியர் மாறும் நொடியில் "கொஞ்சம் சக்தியைக் குறை" என்று பெட்டி கேட்கும், இன்ஜின் குறைக்கும். அந்தப் பேச்சு அறுந்தால் பெட்டி தற்காப்பு நிலைக்குப் போய், ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே ஆட்டோ வேண்டுமென்றால் இன்ஜின், பெட்டி, இரண்டின் கணினிகள், வயரிங் எல்லாம் ஒரே காரிலிருந்து முழுதாக வாங்குவதே பாதுகாப்பு. எண்ணெயைக் குளிரவைக்கும் கூலருக்கும் முன்னால் இடம் வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆட்டோ காரிலிருந்து வந்த இன்ஜினோடு மேனுவல் பெட்டியைப் போட்டால், இல்லாத ஆட்டோ பெட்டியைக் கணினி தேடிக்கொண்டே இருக்கலாம். மேனுவல் காரின் இசியு கிடைக்குமா என்று முன்பே விசாரியுங்கள்.

பொருந்துமா என்று எப்படி அளப்பது?

வெட்டும் இயந்திரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் டேப்பை எடுங்கள்.

கியர் கம்பி எங்கே மேலே வருகிறது என்று பாருங்கள். பெட்டி நீளமாக இருந்தால் கம்பி உங்கள் முழங்கைக்குப் பின்னால் வந்து நிற்கும். டி.எக்ஸ்.-க்கு டி50 விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்: ஏ.இ.86-இன் அடித்தளம் இந்தத் தலைமுறை கொரோல்லாவுக்கு மிக நெருக்கமானது. அதிகம் வெட்டாமல் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது கோணம். கியர்பாக்ஸிலிருந்து தண்டு வெளியேறும் கோணமும், டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் கோணமும் ஒன்றையொன்று ஈடுகட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேகம் கூடும்போது கார் முழுக்க அதிரும். புதுப் பெட்டிக்குத் தண்டின் நீளமும் மாறும். நீளத்தை மாற்றிய தண்டை பேலன்ஸ் செய்யாமல் போடவே கூடாது.

வேகமானியையும் மறந்துவிட வேண்டாம். டி.எக்ஸ்.-இல் அது கேபிளில் ஓடுவது. புதிய பெட்டிகள் மின்சென்சாரில் வேகத்தைச் சொல்லும். இரண்டுக்கும் நடுவே ஒரு மாற்றி வேண்டும். முள் அசையாத மீட்டரோடு 110-க்குள் ஓட்டுகிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

பழைய பெட்டியை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

• எண்ணெயை வடித்துப் பாருங்கள். பித்தளைத் தூள் கொஞ்சம் மின்னினால் வயதான பெட்டி. இரும்புத் துண்டு வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.
• தண்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். கரகர சத்தமும் ஆட்டமும் கூடாது.
• பெல்ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச் போர்க், ஸ்டார்ட்டர், கியர் கம்பி, வேக சென்சார் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு தனித்தனியாகத் தேடினால் விலை எகிறும்.
• தண்டின் முன் இணைப்பை வெட்டிவிடாமல் முழுதாகத் தரச் சொல்லுங்கள். உங்கள் புதுத் தண்டுக்கு அதுதான் தொடக்கம்.
• எந்த எண்ணெய் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜிஎல்-4 கேட்கும் பெட்டிக்குச் சில ஜிஎல்-5 எண்ணெய்கள் ஒத்துவராது, பித்தளை சின்க்ரோக்கள் பாதிக்கப்படலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் இன்ஜினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.-யின் அனுமதி வேண்டும், வாகனப் பரிசோதனையும் வேண்டும். இன்ஜின் எண்ணும் கொள்ளளவும் வாகனப் பதிவில் இருப்பவை. இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ரசீதும் இறக்குமதி ஆவணங்களும் கேட்கப்படலாம். ஆகவே "பேப்பர் இல்லை, அதான் விலை கம்மி" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம்.

சாலை வரியும் மாறும். தீபகற்ப மலேசியாவில் தனியார் செடான் காருக்கு 1,290 சிசி என்றால் ஆண்டுக்கு 70 ரிங்கிட், 1,587 சிசி என்றால் 90 ரிங்கிட், 1,998 சிசி என்றால் 379 ரிங்கிட்.

பெரிய பெட்டிக்காகத் தரையை வெட்டினால் அது காரின் கட்டமைப்பைத் தொடும் வேலை. பரிசோதனையில் கேள்வி வரும். காப்புறுதி நிறுவனத்திடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மறைத்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரியவந்தால், இழப்பீடு மறுக்கப்படும் அபாயம் உண்டு. அடிபட்ட இன்னொருவரின் செலவும் உங்கள் தலையில் விழலாம்.

சிங்கப்பூர் வாசகர்கள் கவனத்துக்கு: அங்கே இன்ஜின், கியர்பாக்ஸ் மாற்றங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. பாகம் வாங்கும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

அப்போ, எதைத்தான் தேர்ந்தெடுப்பது?

தினமும் ஓட்ட, குறைவாக வெட்ட, செலவைக் கட்டுக்குள் வைக்க: 4ஏ-ஜிஇ இன்ஜின், டி50 பெட்டி, 3.9 அல்லது 4.1 டிஃப். வேகப் பைத்தியங்களுக்கு இது போதாது. ஆனால் வேலை முடிந்து சாலைக்கு வர அதிக வாய்ப்புள்ள திட்டம் இதுதான்.

வார இறுதி மகிழ்ச்சிக்கு, கூடுதல் பட்ஜெட்டோடு: அல்டெஸாவின் பீம்ஸ் இன்ஜினும் அதன் சொந்த ஜே160 பெட்டியும். தண்டு, பின் அச்சு, பிரேக் மூன்றுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

டர்போ, 6 சிலிண்டர் என்று போனால்: ஆர்154 போன்ற கனமான பெட்டி, வெட்டிய தரை, புதிய பின் அச்சு. முதல் திட்டமாக இதைத் தொட வேண்டாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்த 6 கேள்விகளுக்கும் தாளில் விடை எழுதுங்கள்:

1. இன்ஜின் நீளவாக்கில் உட்காருமா, எந்தத் திசையில் சுற்றுகிறது?
2. பெல்ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச் மூன்றும் எங்கிருந்து வருகின்றன?
3. பெட்டியும் தண்டும் டிஃபரன்ஷியலும் அந்த டார்க்கைத் தாங்குமா?
4. 110-இல் இன்ஜின் எத்தனை சுற்று?
5. கியர் கம்பி எங்கே வரும், எவ்வளவு வெட்ட வேண்டும்?
6. ஆவணங்கள் கையில் இருக்கின்றனவா?

ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் அந்த இன்ஜின் இன்னும் சில நாள் கடையிலேயே இருக்கட்டும். அதற்குள் வேறு யாராவது வாங்கிப் போனாலும் கவலை வேண்டாம். அதே இன்ஜின் இன்னொரு ஹாஃப்-கட்டில் வரும்.